தியானமும் நோய்தீர்த்தலும்: சில மயக்கங்கள்

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, ஆண்டுதோறும் டிசம்பர் 21ஆம் நாளை உலக தியான தினமாகக் கொள்ளுதல் வேண்டுமெனத் தீர்மானித்தது. அத்தீர்மானத்தை முன்னின்று கொணர்ந்த சில நாடுகளுள் இலங்கையும் ஒன்று. தியானம் உடலுக்கும் உள்ளத்திற்கும் நலந்தருவது என்னும் கருத்தே அதன் அடிப்படை. இதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர், 2022இலே, அந்நியச் செலாவணி வற்றிப்போன இதே நாட்டிலே அரசாங்க வைத்தியசாலைகளில் இன்றியமையாத மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நிலவியது, சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்குவது சிலருக்கு விதண்டாவாதமாகத் தோன்றலாம். தியானத்திற்கும் மருந்துத் தட்டுப்பாட்டிற்கும் என்ன தொடர்பு என அவர்கள் வினவுவர். தொடர்பு உண்டு. நோய் என்பது தனிமனிதனின் அகத்திலே தோன்றி அகத்திலேயே தீர்க்கப்படவேண்டியது என்ற எண்ணம் வலுப்பெறுந்தோறும், மருந்தும் மருத்துவரும் உணவும் ஓய்வும் கிடைக்கச் செய்யவேண்டிய பொறுப்புச் சமுதாயத்தின் தோளிலிருந்து நழுவிச் செல்கிறது. தியானத்தின் பெயரால் இன்று பரப்பப்படும் கருத்துக்களிற் பெரும்பாலானவை இந்த நழுவலுக்குத் துணைபோவன.

இக்கருத்துக்களைப் பரப்புவோர் இரு திறத்தினர். ஒரு சாரார் பழம்பெருமை பேசுவோர். தியானஞ் செய்தால் நீரிழிவு மாறும், புற்றுநோய் கரையும், மாத்திரைகளைக் குப்பைத்தொட்டியிற் போட்டுவிடலாம் என்று மேடைதோறும் முழங்குவோர் இவர்கள். நம் முன்னோர் அறியாததொன்றில்லை என்பது இவர்களது பல்லவி. மறுசாரார் நவநாகரிகர். இவர்கள் முன்னோரைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. மூளையின் வரைபடங்களைக் காட்டுவர். கைத்தொலைபேசிச் செயலிகளை மாதச் சந்தாவுக்கு விற்பர். நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகளுக்குப் பயிற்சிப்பட்டறை நடத்துவர். முன்னவர் காவியுடையிலும் பின்னவர் கழுத்துப்பட்டியிலும் தோன்றுவதால் இவர்கள் ஒருவர்க்கொருவர் மாறுபட்டோர் என்ற மயக்கம் ஏற்படுகிறது. ஆயின், துன்பப்படுபவன் தன் துன்பத்திற்குத் தானே காரணன், தன் மனத்தைத் திருத்திக்கொள்வதே அவன் கடன் என்பதில் இருசாராரும் ஒருமித்த கருத்தினரே.

முதலிலே பழம்பெருமை பேசுவோரின் கூற்றைப் பழமையையே உரைகல்லாகக் கொண்டு நோக்குதல் தகும். பதஞ்சலியின் யோகசூத்திரம் யோகத்தை எட்டு உறுப்புகளாக வகுத்துள்ளது. அவற்றுள் தியானம் ஏழாவது. முதலாவதாகிய இயமம் கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பிறர் பொருளை விழையாமை என்னும் ஒழுக்கங்களைக் கூறுவது. ஒழுக்கத்திலே தொடங்கி உடலையும் மூச்சையும் புலன்களையும் நெறிப்படுத்திய பின்னரே தியானம் வைக்கப்பட்டுள்ளது. அதே நூல் யோகத்திற்கு இடையூறாவன ஒன்பதைத் தொகுத்துரைக்கின்றது. அத்தொகுப்பிலே முதலிடம் பெறுவது நோய். நோயுற்றவனால் தியானத்தில் நிலைத்தல் இயலாது என்பது அந்நூலாசிரியருக்குத் தெரிந்திருந்தது. மனம் ஒருமுகப்பட இடையூறுகள் தணியும் என்று அவர் கருதியிருக்கலாம். ஆயினும் அவர் குறித்த பயன் விடுதலையேயன்றி மருந்துச்செலவு மிச்சமாதல் அன்று. திருமூலரும் மூன்றாந் தந்திரத்திலே அட்டாங்க யோகத்தை இயம நியமங்களிலிருந்தே தொடங்குகின்றார். உடலைப் பேணுவதன் இன்றியமையாமையை அவர் வற்புறுத்தியமை உண்மை. எனினும், ஒழுக்கத்தை உதறிவிட்டு மூச்சை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமையை அவர் எவருக்கும் வழங்கியதாகத் தெரியவில்லை.

இதனினும் வலியதொரு சான்று சித்த மருத்துவம். சித்தர்கள் யோகிகள் என்பது மரபு. அவர்கள் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களைப் புரட்டுவோர் அங்கே மூலிகைகளையும் உலோகங்களையும் உப்புக்களையும் சூரணங்களையும் பத்தியங்களையுமே பெருவாரியாகக் காண்பர். யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ மரபு செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் நூல்களாக நமக்குக் கிடைத்துள்ளது. யோகமே எல்லா நோயையும் தீர்க்குமாயின் இத்தனை நூல்களை இயற்ற வேண்டிய தேவை என்ன? காய்ச்சல் கண்டவனை மூச்சை எண்ணிக்கொண்டிரு என்று அனுப்பிவிடும் கொடுமை பழந்தமிழ் மருத்துவரிடத்து இருக்கவில்லை. அக்கொடுமையை முன்னோர்மீது ஏற்றிச் சொல்பவர் முன்னோரை அவமதிக்கின்றனர்.

நவநாகரிகரின் கதை வேறு வகையானது. இலங்கையோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால் சற்று விரித்துரைக்கத்தக்கது. இன்று உலகெங்கும் அடிபடும் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்னும் சொல்லைப் பாளி மொழியின் 'ஸதி' என்பதற்கு நேராக 1881இலே ஆண்டு நிலைநிறுத்தியவர் ரைஸ் டேவிட்ஸ். அவர் இலங்கைச் சிவில் சேவையிலே பணியாற்றியவர். பாளியையும் இங்கேயே கற்றார். 'ஸதி' என்பதற்கு நினைவு, மறவாமை என்பன அடிப்படைப் பொருள். பழந்தமிழ்ப் பௌத்தர் எண்வகை மார்க்கத்தின் ஏழாவது அங்கத்தை 'நற்கடைப்பிடி' என்றனர். கடைப்பிடி என்னும் சொல்லுக்கு மறவாமை, உறுதி எனப் பொருள் உண்டு. நல்லது எது, தீயது எது என்பதை மறவாதிருத்தலே அது. வெறுமனே மூச்சைப் பார்த்துக்கொண்டிருத்தல் அதன் ஒரு கூறு மாத்திரமே. ஜெர்மனியிலே யூதக் குடும்பத்திற் பிறந்து, இலங்கைக்கு வந்து துறவு பூண்டு, கண்டி உடவத்தைக் காட்டிலே நெடுங்காலம் வாழ்ந்து 1994இல் மறைந்த ஞானபோனிக தேரர் எழுதிய பௌத்த தியானம் பற்றிய ஆங்கில நூல் 1962இல் இலண்டனில் வெளிவந்தபோது மேனாட்டார் பலரை அது கவர்ந்தது. அவர்களுள் ஒருவர் ஜோன் கபற்-சின். மூலக்கூற்று உயிரியல் பயின்ற அவர், 1979இலே மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், மருந்தினால் தீராத நாட்பட்ட வலியுடைய நோயாளருக்கெனப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, ஹாவாட் மருத்துவக் கல்லூரியின் இதயநோய் மருத்துவர் ஹேர்பேட் பென்சன், உடலின் தளர்வு எதிர்வினை பற்றித் தாம் எழுதிய நூலினால் பெரும்புகழ் எய்தியிருந்தார்.

கபற்-சின் செய்தது இழிவான காரியம் அன்று. வலியால் வாடியோருக்கு ஆறுதல் தேடிய முயற்சி அது. சமயச்சார்பைக் களைந்தமையால் எச்சமயத்தவரும் அதனைப் பயிலமுடிந்தது. ஆயின் களையப்பட்டது சமயச்சார்பு மட்டுமன்று. எண்வகை மார்க்கத்தின் ஐந்தாவது அங்கம் நல்வாழ்க்கை. ஆயுத வணிகம், உயிர் வணிகம், நஞ்சு வணிகம் முதலியவற்றை விலக்கிய தொழிலொழுக்கம் அது. ஏழாவதை எடுத்துக்கொண்டு ஐந்தாவதை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு விரைவிலேயே விடை பகர்ந்தது. போர்முனைக்குச் செல்லவிருந்த அமெரிக்கக் கடற்படைப் பிரிவினருக்கு மனவிழிப்புப் பயிற்சி அளித்துப் பெற்ற ஆய்வு முடிவுகள் 2010இல் வெளியாயின. போர்வீரனின் கவனம் சிதறாதிருக்க அது உதவிற்றாம். கொல்லாமையை முதற்படியாகக் கொண்ட ஒரு சாதனை இந்நிலையை அடைந்ததைப் பற்றி வியப்புத் தெரிவித்தோர் மிகச் சிலரே.

இவ்வளவும் கூறியதனால் தியானம் பயனற்றது என்ற முடிவுக்கு வருதல் பிழையாகும். மூச்சை மெதுவாக்கும்போது பரபரிவு நரம்புத்தொகுதியின் செயற்பாடு மேலோங்குகிறது, இதயத்துடிப்புத் தணிகிறது, குருதியமுக்கம் சிறிதளவு குறைகிறது. இதிலே மாயமேதுமில்லை. 2014இலே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழொன்றிலே, 47 பரிசோதனைகளையும் 3,515 பேரையும் உள்ளடக்கிய தொகுப்பாய்வு ஒன்று வெளிவந்தது. பதகளிப்பு, மனச்சோர்வு, வலி ஆகியவற்றிலே தியானத்தால் மிதமான பயன் உண்டு என அது கண்டது. நித்திரை, உடல்நிறை, கவனம் ஆகியவற்றிலே பயனுண்டெனக் கூறப் போதிய சான்று கிடைக்கவில்லை. மருந்து, உடற்பயிற்சி போன்ற ஏனைய சிகிச்சைகளை விடத் தியானம் சிறந்தது என்பதற்கும் சான்று இல்லை. 2017இல் அமெரிக்க இதயச் சங்கம், இதயநோய்க்கான வழமையான சிகிச்சைக்குத் துணையாகவே தியானத்தைக் கருதலாம் என்றது. துணை என்ற சொல்லே இங்குக் கவனிக்கற்பாலது.

மனநோய்த் துறையிலே கிடைத்துள்ள பேறுகள் இதனினும் தெளிவானவை. நேர்மையாக ஆராய்வோர் அவற்றை மறைத்தல் ஆகாது. மனச்சோர்வு நோயிலிருந்து மீண்டோருக்கு அந்நோய் திரும்புவதைத் தடுப்பதிலே, மனவிழிப்பை அடிப்படையாகக் கொண்ட அறிகைச் சிகிச்சை மருந்தோடு ஒப்பிடத்தக்கதாய் உள்ளது. 424 நோயாளரை இரண்டாண்டு தொடர்ந்து நோக்கி 2015இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றிலே, அச்சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 44 பேருக்கும், மருந்தைத் தொடர்ந்தோருள் நூற்றுக்கு 47 பேருக்கும் நோய் மீண்டும் வந்தது. பதகளிப்பு நோயாளர் 276 பேரை ஆராய்ந்து 2022இல் வெளியான அமெரிக்க ஆய்விலும், எட்டு வாரப் பயிற்சி எசிற்றலோபிராம் என்னும் மருந்துக்குக் குறைவுபடாத பயனைத் தந்தது. ஆயின் இவ்வாய்வுகளிலே பங்குகொண்டோர் மருத்துவரால் நோய்நிருணயம் செய்யப்பட்டவர்கள், தேர்ந்த ஆசிரியர்களிடம் வாரந்தோறும் பயின்றவர்கள், கண்காணிப்பில் இருந்தவர்கள். இத்தகைய ஆய்வின் முடிவைக் காட்டி, எவரும் எதையும் எப்படியும் செய்யலாம், மாத்திரையை நாளைக்கே நிறுத்தலாம் என்று மேடையிற் கூறுவது கைமருந்துக்காரனின் வியாபாரத் தந்திரமேயாகும். திடீரென மருந்தை நிறுத்திய மனநோயாளியின் வீட்டிலே என்ன நடக்கும் என்பதைக் கூறிய மேடைக்காரர் அறியார், வீட்டார் அறிவர்.

தியானத்தால் தீங்கே இல்லை என்பதும் அத்தகைய மற்றுமொரு பொய். 83 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2020இல் வெளிவந்த கட்டுரையொன்று, தியானம் பயில்வோருள் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்கு விரும்பத்தகாத விளைவுகள் ஏற்படுவதாக மதிப்பிட்டது. பதகளிப்பும் மனச்சோர்வும் அவற்றுள் முதன்மையானவை. கண்ணை மூடியவுடன் அமைதி காண்பவரும் உளர். கண்ணை மூடியவுடன் எறிகணை விழக் காண்பவரும் உளர். பின்னவரைத் தனியே ஓர் இருண்ட மண்டபத்திலே மணிக்கணக்காக இருத்திவைப்பது சிகிச்சையாகாது.

இனி, இப்பிரச்சினையின் மையத்திற்கு வருதல் வேண்டும். மன நெருக்கீடு எங்கிருந்து வருகிறது? பிரித்தானிய அரசாங்க ஊழியர் ஏறத்தாழ 18,000 பேரை 1967 முதல் ஆராய்ந்த வைற்ஹோல் ஆய்வு இவ்வினாவிற்கு என்றும் மறக்கலாகாத விடையொன்றைத் தந்தது. பொறுப்பு மிகுந்த உயரதிகாரிகளே இதயநோயால் இறப்பர் என்பது அக்காலத்துப் பொதுநம்பிக்கை. மாறாக, அடிமட்டத்துச் சிற்றூழியரிடையே இதயநோய் மரணம் உயரதிகாரிகளிடையே இருந்ததை விட மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. புகைத்தல், குருதியமுக்கம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னரும் பெரும் வேறுபாடு எஞ்சியது. தன் வேலையின்மீது தனக்கு அதிகாரமில்லாத நிலையே உடலை அரிக்கும் காரணங்களுள் ஒன்று எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இவ்வாறாயின், அச்சிற்றூழியனை ஆழ்ந்து மூச்செடுக்கச் சொல்வது எவ்வகை மருத்துவம்?

இவ்வினா வெறுங் கற்பனையன்று. 2021இலே அமேசன் நிறுவனம், தனது களஞ்சியசாலைத் தொழிலாளருக்கெனத் தொலைபேசிக்கூடு அளவான சிறு பெட்டியறையொன்றை அறிமுகஞ் செய்தது. களைத்த தொழிலாளி அதற்குள்ளே சென்று கதவைச் சாத்தி, திரையிலே தோன்றும் தியானக் காட்சிகளைப் பார்த்து மனந்தேறலாம். உலகம் எள்ளி நகையாடவே, அவ்விளம்பரத்தை அந்நிறுவனம் விலக்கிக்கொண்டது. வேலையின் வேகம் மாறாது. தொழிலாளியின் மனமே மாறவேண்டும் என்னும் தத்துவத்திற்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் அமைதல் அரிது. இத்தத்துவம் அறமற்றது என்பது ஒருபுறமிருக்க, பயனுமற்றது. பிரித்தானியாவிலே 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 தொழிலாளரின் தரவுகளை ஆராய்ந்து வில்லியம் பிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்விலே, மனவிழிப்புப் பயிற்சி, தளர்வுப் பயிற்சி, செயலி முதலியவற்றிலே பங்குபற்றிய தொழிலாளர் பங்குபற்றாதோரை விட எவ்வகையிலும் நலமாயிருக்கவில்லை. பாடசாலைகளிலும் கதை இதுவே. பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரித்தானிய மாணவரிடையே நடத்தப்பெற்று 2022இல் வெளியான பரிசோதனை, வகுப்பறைத் தியானத்தால் மாணவரின் உளநலம் வழமையான கற்பித்தலை விட மேம்படவில்லை எனக் கண்டது.

இலங்கையின் சொந்த வரலாற்றிலே இதற்குச் சிறந்த மறுதலை எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 1995இலே இந்நாட்டிலே ஓர் இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலே மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. பின்வந்த இரு தசாப்தங்களில் அவ்வீதம் நூற்றுக்கு எழுபது அளவு வீழ்ச்சியடைந்தது. இலங்கையர் அவ்விடைக்காலத்திலே பெருந்தொகையாகத் தியானத்தில் அமர்ந்தமையால் இது நேரவில்லை. கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட்டமையே இதற்குத் தலையாய காரணம் என்பது ஆய்வாளரின் முடிபு. பரதியோன் 1984இலும், மொனோகுரோட்டோபோசும் மெத்தமிடோபோசும் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும், பரகுவாட் முதலியன 2008க்கும் 2011க்கும் இடையிலும் விலக்கப்பட்டன. கணப்பொழுதுத் துயரிலே கைக்கெட்டிய போத்தலில் உயிர்கொல்லும் நஞ்சு இல்லாமற் போனது, கணம் கடந்தது, ஆள் பிழைத்தார். மனத்தைத் தொடாமலே மனத்துயரின் மரணத்தைக் குறைக்க ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இயலும் என்பதை அகவயமாகவே சிந்திப்போர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளார். அது அவர்களுக்குத் தெய்வீகக்குறைவாகத் தோன்றும் போலும்.

தியானத்தை அதற்குரிய இடத்திலே வைத்துப் பயன்படுத்துவது எங்ஙனம் என்பதற்கும் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலே போர்க்காலத்தின் கொடிய ஆண்டுகளில் உளமருத்துவராகவும் பல்கலைக்கழக மருத்துவபீடப் பேராசிரியராகவும் பணியாற்றிய தயா சோமசுந்தரம், நெருக்கீட்டுக்கு ஆளானோருக்கு மூச்சுப்பயிற்சியையும் மந்திர உச்சரிப்பையும் சிகிச்சையின் ஓர் உறுப்பாகக் கற்பித்தார். சைவருக்கு அவர்தம் மந்திரம். கிறித்தவருக்கு அவர்தம் செபம். இசுலாமியருக்கும் பௌத்தருக்கும் அவ்வவர் மரபிலுள்ள தொடர். அந்நிய நாட்டுச் செயலியொன்றின் குரலிலும் பாட்டியின் வாயிற் கேட்டுப் பழகிய சொல் நோயாளியின் நெஞ்சில் விரைவில் நிற்கும் என்பது எவருக்கும் விளங்கும். எனினும் அவர் அதனோடு நிற்கவில்லை. மருந்து வேண்டியவருக்கு மருந்து, குடும்பத்தாரோடு உரையாடல், ஆசிரியருக்கும் சுகாதார ஊழியருக்கும் உளவளத்துணைப் பயிற்சி, குலைந்த சமூகத்தை மீளக் கட்டுதல் என்பனவெல்லாம் அவரது பணியில் இடம்பெற்றன. போர் தந்த காயம் தனிமனிதரின் காயம் மாத்திரமன்று, ஒரு சமூகத்தின் கூட்டுக்காயம் என்பதை அவர் இடையறாது எழுதிவந்தார். 1998இல் வெளியான அவரது ஆங்கில நூல் போரின் உளத்தாக்கத்தைப் பதிவுசெய்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. தியானத்தைப் போரின் காரணங்களிலிருந்து முகந்திருப்பும் திரையாக அவர் ஆக்கவில்லை.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளக் கிளிநொச்சிக்குச் செல்லலாம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரியிலே அங்கே தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். பிள்ளை இருக்கின்றானா இல்லையா என்பதை அறியாத தாயின் நித்திரையின்மையும் நெஞ்சுவலியும் மருத்துவ நூல்களிலே விவரிக்கப்பட்டவை. மூச்சுப்பயிற்சியால் அவளுக்கு ஓர் இரவு நித்திரை வருமாயின் அதனை எவரும் தடுக்கலாகாது. கற்றுக்கொடுத்தவரை வாழ்த்தவும் வேண்டும். ஆனால், 'கடந்ததை விடு, இந்தக் கணத்திலே வாழ்' என்று அவளுக்குப் போதிப்பவன் யாருடைய குரலிற் பேசுகிறான்? அவளது நினைவு நோயின் அறிகுறியாகக் கொள்ளப்படுமாயின், அந்நினைவு கேட்கும் கேள்விக்கு விடையளிக்க வேண்டியோர் நிம்மதியாக நித்திரை கொள்வர். மறவாமையையே பொருளாகக் கொண்ட 'ஸதி' மறதியைப் போதிக்கும் கருவியாக மாறுவது எத்துணை விபரீதம்!

பல்கலைக்கழகங்களுக்கும் இது அயலான விடயமன்று. பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1998இலே நிறைவேற்றப்பட்டது. பகிடிவதையால் நெஞ்சுடைந்த மாணவனை மூச்சுப்பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவிட்டு, வதைத்தவரை விசாரியாது விடும் நிருவாகம் உளநலச் சேவை செய்வதாகக் கூறிக்கொள்ள முடியாது. வகுப்பும் நடக்கட்டும், விசாரணையும் நடக்கட்டும் என்றால் எவருக்கும் ஆட்சேபமில்லை. வகுப்பு மட்டுமே நடக்கும் இடத்திலேதான் ஐயுறவு கொள்ள வேண்டியுள்ளது.

தியானத்திற்குச் செலவில்லை, ஆதலின் வறிய நாட்டிற்கு ஏற்றது அதுவே என்னும் வாதம் ஒன்று எஞ்சியுள்ளது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். கபற்-சின்னின் பயிற்சி நாளொன்றுக்கு 45 நிமிடம், வாரத்தில் ஆறு நாள், எட்டு வாரம் வீட்டிலும் பயிலுமாறு கேட்கிறது. ஆய்வுகளிலே பயனளித்தது இத்தகைய உழைப்பே; பேருந்திலே செய்யும் ஐந்து நிமிடப் பயிற்சி அன்று. மலையகத்திலே விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாளிலே அந்த 45 நிமிடம் எங்கே உள்ளது? விதித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிடில் அவளுக்கு அரைப்பேர்தான் விழும். மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் தண்ணீரும் விறகும் காத்திருக்கும். செலவில்லாதது எனப்படும் மருந்தின் விலை நேரம். அந்நேரம் அவளுடையதாக இல்லை. தியானத்தை அவளுக்குப் பரிந்துரைப்போர், கூலி குறையாமல் அந்த 45 நிமிடத்தை அவளது வேலைநாளிலிருந்து விடுவிக்குமாறு தோட்ட நிருவாகத்திடம் முதலிற் கேட்கட்டும்.